ஒரே பால்கனி அறைக்கு மூன்று விலை

சியாட்டிலில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன், கிளேசியர் பே எல்லாம் பார்த்துவிட்டு சியாட்டிலிலேயே வந்து இறங்கும் 7 இரவு அலாஸ்கா பயணம். கப்பல் கிளம்பிய நாள் ஜூன் 15. அப்பா அம்மாவுக்கு ஒரு பால்கனி கேபின், எனக்கும் மனைவிக்கும் ஒன்று. கப்பலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த இரண்டு அறைகளையும் எப்போது, எப்படி வாங்கினோம் என்பதையும், பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட் எப்படி நடந்துகொண்டார் என்பதையும்தான். பத்து மாதம் அந்த விலையையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல விஷயம் இருக்கிறது.

முந்தைய ஆகஸ்டிலேயே பதிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கப்பலின் தாழ்வாரங்கள் மிக நீளம், லிஃப்ட் தள்ளி இருந்தால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். லிஃப்டுக்குப் பக்கத்தில், ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில், மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளத்தில் ஒரு கேபின் வேண்டும் என்று கேட்டோம். அப்படிப்பட்டவை சிலவே இருக்கும், அவைதான் முதலில் போகும். இந்த இடத்தில் ஏஜென்டைப் பாராட்டியே ஆகவேண்டும். விலையைப் பற்றிப் பேசும் முன்பே, "யாருக்காவது நடக்கச் சிரமம் இருக்கிறதா?" என்று கேட்டார். டெக் பிளானை (கப்பலின் தள வரைபடம்) திறந்து, நாங்கள் காட்டிய முதல் அறைக்கு மேலே பஃபே சமையலறை இருப்பதைக் காட்டி, இரண்டு தளம் கீழே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முன்பணம் திரும்பக் கிடைக்காத கட்டணம் இன்னும் மலிவாக இருந்தது. "அது வேண்டாம், பிறகு விலை இறங்கினால் கை கட்டிப்போகும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

அப்புறம் ஜனவரி. ஜனவரி முதல் மார்ச் வரை க்ரூஸ் கம்பெனிகள் சலுகைகளை அள்ளி விடும் காலம், தொழிலில் இருப்பவர்கள் இதை 'வேவ் சீசன்' என்பார்கள். பாதி விலை என்று விளம்பரம் வந்தது. வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகையைப் பார்த்தால், எங்கள் அறைக்கு ஆகஸ்டில் இருந்த அதே விலைதான். கூடுதலாகக் கிடைத்தது கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் வரவுப் பணம். சரி, வருவதை ஏன் விடவேண்டும் என்று அந்தச் சலுகைக்கு மாற்றிக்கொண்டோம். விளம்பரத்தில் இருக்கும் சதவீதத்தை நம்பாதீர்கள். மொத்தத் தொகையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் உதவும்.

உண்மையான இறக்கம் மார்ச்சில் வந்தது. எங்கள் பதிவில் முழுப் பணத்தையும் கட்டக் கடைசி நாள், கப்பல் கிளம்ப 90 நாளுக்கு முன்னால், அதாவது மார்ச் 17. இந்தக் கெடு கம்பெனிக்குக் கம்பெனி, பயணத்துக்குப் பயணம் மாறும். ஆனால் அந்தத் தேதியை ஒட்டி நடப்பது ஏறக்குறைய ஒரே கதைதான். சும்மா முன்பணம் கட்டிப் பிடித்து வைத்திருந்தவர்கள் ரத்து செய்கிறார்கள். ஏஜென்டுகள் குழுவுக்கென்று மொத்தமாக எடுத்து வைத்த அறைகளில் விற்காதவை திரும்பி வருகின்றன. எத்தனை அறை காலி என்பது கம்பெனிக்குத் தெளிவாகத் தெரிகிறது, நிரப்ப மூன்று மாதம்தான் பாக்கி. நமக்கோ, அதுவரை அபராதம் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். தேதி தாண்டிவிட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் பொதுவாக அவர்களுக்கு இல்லை. ரத்து செய்தால் வெட்டும் தொகையும் நாள் நெருங்க நெருங்க ஏறும்.

மார்ச் 8 அன்று எங்கள் வகை பால்கனி ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அன்றே ஏஜென்டுக்கு மெயில் போட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. ஏஜென்ட் வழியாகப் பதிவு செய்தால் கப்பல் கம்பெனி நம்மிடம் நேராகப் பேசி எதையும் மாற்றித் தராது, அவர் வழியாகத்தான் போகவேண்டும். அந்த மூன்று நாளும் விலை மறுபடி ஏறிவிடுமோ என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். 11ஆம் தேதி போனில் பிடித்தபோது, "இது புதுப் பதிவுகளுக்கு மட்டும்" என்றார். சலுகையின் விதியை நான் படித்துக் காட்டிய பிறகு கம்பெனியைக் கூப்பிட்டார், அரை மணியில் முடிந்தது. ஜனவரியில் வாங்கிய வரவுப் பணம் போய்விட்டது. ஆனால் அது விலை இறங்கியதில் மிச்சமான தொகையில் மூன்றில் ஒரு பங்குதான், ஆகவே லாபம் எங்களுக்கே. அப்பா அம்மாவின் அறை எண் மாறவில்லை. விலை இறங்கியதைத் தானாகச் சொல்லவில்லை என்பதே இந்த ஏஜென்ட் மேல் எனக்குள்ள பெரிய குறை.

அன்றே 'கேரண்டி' கட்டணம் இன்னும் பத்தில் ஒரு பங்கு மலிவாக இருந்தது. பால்கனி வகை உறுதி, எந்த அறை என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். எங்கள் அறையை மட்டும் அதற்கு மாற்றினேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் எண் வந்தது. பஃபேக்கு நேர் கீழே. ஆகஸ்டில் ஏஜென்ட் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வரிசை. விடிவதற்குள் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கிற சத்தமும் தள்ளுவண்டிச் சத்தமும் ஆரம்பித்துவிடும். எங்கள் இருவருக்கும் அது பரவாயில்லை, அதிகாலையில் எழுந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவை அங்கே படுக்க வைத்திருந்தால் என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது. அறையை மேல்வகைக்கு மாற்ற ஏலத்தொகை கேட்டு வந்த மெயிலையும் இதனால்தான் அப்பா அம்மாவின் பதிவுக்குத் தொடவில்லை. ஏலம் கிடைத்தால் நாம் பார்த்துப் பார்த்து எடுத்த இடம் போய்விடும். கேட்கும் தொகையும் அறைக்கு அல்ல, ஆளுக்கு.

கடைசி நேரத்தில் வாங்கலாம் என்பவர்களுக்காக மேலும் மூன்று மாதம் பார்த்தேன். மே கடைசியில் ஜன்னல் இல்லாத உள்பக்க அறைகளின் விலை இறங்கியது. பால்கனியோ ஆகஸ்ட் விலையையும் தாண்டி ஏறிவிட்டது. பனியாறுகள் கடலில் வந்து சேரும் கிளேசியர் பே வளைகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு க்ரூஸ் கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் அந்த வழியில் போகும் கப்பல்களுக்குத் தேவை எப்போதும் உண்டு. எந்த அறையானாலும் சரி, நினைத்த நேரம் கிளம்ப முடியும், துறைமுகமும் பக்கத்தில் என்றால் காத்திருங்கள். விமானத்தில் போய் ஏறவேண்டியவர்களுக்கு அறையில் மிச்சமானது டிக்கெட்டில் போய்விடும். குழந்தைகளோடு நாலு பேர் ஒரே அறையில் தங்குவதென்றால் காத்திருக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட அறைகள் குறைவு. உயிர்காப்புப் படகுகளின் இட அளவு காரணமாக, அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளை ஏற்காமல் போகலாம். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்கள் மே, செப்டம்பர் பாருங்கள், ஜூன் முதல் ஆகஸ்டு வரை உள்ள அவ்வளவு விலை அப்போது இருக்காது.

அறை எந்தப் பக்கம் என்று அப்பா ரொம்பக் கவலைப்பட்டார். கவலையே தேவைப்படவில்லை, கிளேசியர் பேயில் மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பலை நிதானமாக ஒரு முழுச் சுற்று சுற்றினார்கள். அம்மா கால் நீட்டி உட்கார்ந்தபடியே தன் பால்கனியிலிருந்து பார்த்தார்.

அடுத்த பயணத்துக்கும் இதே ஏஜென்டிடம்தான் பதிவு செய்திருக்கிறேன், அறை தேர்ந்து கொடுப்பதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர். விலையை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன். பணம் கட்டக் கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்து தினமும் காலையில் போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன், இந்த முறை மெயில் போடாமல் நேராகப் போன்தான்.