பெயர் கேரமாண்ட், ஆள் வேறு

ஆங்கிலப் புத்தக லே-அவுட்டில் பல வருஷமாக நான் அதிகம் புழங்கிய ஃபாண்ட் கேரமாண்ட். ஆனால் அந்தப் பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. காசு கொடுத்து வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

க்ளோத் கேரமாண்ட் 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அச்செழுத்து வெட்டியவர். வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்துகள்தான் அவருக்கு முன்மாதிரி. 1561இல் இறந்தார். அவருடைய அச்சுகளில் சில இன்றும் ஆண்ட்வெர்ப்பின் பிளாண்டின்-மொரெட்டஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

குழப்பம் பின்னால் வந்தது. பிரெஞ்சு அரசு அச்சகத்தில் இருந்த ஒரு எழுத்துத் தொகுதியைக் கேரமாண்டுடையது என்று நம்பி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளாளுக்கு மறுபதிப்பு செய்தார்கள். அது 1621இல் எழுத்து மாதிரிப் புத்தகம் வெளியிட்ட ழான் ஜானோனின் வேலை என்று 1926இல் நிரூபித்தவர் அச்செழுத்து ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட். பால் போஜோன் என்ற ஆண் பெயரில்தான் அதை எழுதினார்! வேர்டில் நாம் பார்க்கும் கேரமாண்ட், மோனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் 1922இல் ஜானோன் எழுத்துகளை வைத்துச் செய்தது.

அது மெலிசு. சொரசொரப்பான தாளில் மை சற்றுக் குறைந்தால் ஆங்கிலச் சின்ன ‘e’யின் குறுக்குக்கோடு மங்கிவிடும். இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் ஆளுக்கொரு கோணத்தில் சாயும். ஒரு வரிக்கு அழகு, ஒரு பக்கத்துக்குத் தொந்தரவு.

நான் நிலைத்தது ஈபி கேரமாண்டில். 1592ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட் மாதிரித் தாளை வைத்து கியோர்க் டஃப்னர் உருவாக்கியது, இலவசம். ஸ்மால் கேப்ஸ் (சின்ன எழுத்து உயரத்தில் வரும் பெரிய எழுத்துகள்), மேலும் கீழுமாக நிற்கும் பழைய பாணி எண்கள் எல்லாம் உள்ளேயே உண்டு. நாவலுக்கு 11 பாயிண்ட், 14 லீடிங் (வரிக்கு வரி இடைவெளி) வைப்பேன். ராபர்ட் ஸ்லிம்பாக் 1989இல் அடோபிக்காகச் செய்ததும் நேர்த்திதான், ஆனால் காசு.

தமிழோடு சேர்க்கும்போது மட்டும் கவனம். இதில் சின்ன எழுத்துகளின் உயரம் குறைவு என்பதால் அதே பாயிண்டில் தமிழ் பூதாகரமாகத் தெரியும். தமிழை ஒன்றரை, இரண்டு பாயிண்ட் இறக்கினால் வரி சமமாகும்.

போன் திரைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே திரைக்கென்றே மேத்யூ கார்ட்டர் வரைந்த ஜார்ஜியா போதும்.