மூன்று வருடம், ஒரு எடை மெஷின், 13 எண்கள்

கண்ணாடித் தட்டில் நான்கு உலோகப் பட்டைகள் பதித்த எடை மெஷின் ஒன்று மூன்று வருடமாக எங்கள் படுக்கையறை மூலையில் கிடக்கிறது. வெறுங்காலோடு ஏறி நின்றால் போதும். எடை, கொழுப்பு சதவீதம், தசை, எலும்பு, உடல் நீர், உள்ளுறுப்புக் கொழுப்பு, உடல் வயது என்று 13 எண்களைப் போனுக்கு அனுப்பிவிடும். வாங்கிய புதிதில் பதிமூன்றையும் நம்பினேன். இப்போது மூன்று எண்களைத்தான் குறித்து வைக்கிறேன். அதில் ஒன்று மெஷின் தருவதே இல்லை.

வாங்கியதற்குக் காரணம் பிஎம்ஐ மேல் வந்த எரிச்சல். என் உயரம் 170 செ.மீ., அப்போது எடை 78.6 கிலோ, பிஎம்ஐ 27. பளு தூக்கிப் பழகும் நண்பன் ஒருவனுக்கும் ஏறக்குறைய அதே உயரம், அதே எடை, அதே 27. அவன் வயிற்றையும் என் வயிற்றையும் பார்த்தவர் யாரும் இருவரையும் ஒரே கணக்கில் சேர்க்க மாட்டார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு, மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் கெத்தலே 1832-இல் எழுதியது. தனி ஆளின் உடம்பில் எது கொழுப்பு, எது தசை என்று அதற்குத் தெரியாது. சரி, அதைச் சொல்லும் கருவியை வாங்குவோம் என்றுதான் இதை வாங்கினேன்.

மெஷின் செய்வது இவ்வளவுதான்: ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிக மெல்லிய மாறுமின்னோட்டத்தை அனுப்புகிறது. பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, உடம்புக்குத் தெரியவே தெரியாது. தசையில் முக்கால் பங்கு உப்புக் கலந்த நீர் என்பதால் மின்சாரம் அதில் எளிதாக ஓடும். கொழுப்பில் நீர் குறைவு, அதனால் தடை அதிகம். ஆக, மெஷின் உண்மையில் அளப்பவை இரண்டே இரண்டு, எடையும் மின்தடையும். அதோடு நாம் ஆப்பில் கொடுத்த உயரம், வயது, பாலினத்தைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு மற்ற எண்களைக் கணக்கிட்டுவிடுகிறது. இன்னொரு வேடிக்கை, மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. என் பிரச்சினை முழுக்க இடுப்புக்கு மேலே இருக்கிறது!

இது புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஒரு நாள் காலை 26.8 சதவீதம் கொழுப்பு காட்டிய மெஷின், அன்று மாலை 24.9 காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்றால், 11,000 கலோரிக்கு மேல் ஒரே பகலில் எரித்திருக்க வேண்டும். அன்று முழுக்க நான் நாற்காலியை விட்டு எழுந்ததே அபூர்வம். உண்மையில் நடந்தது வேறு. பகலெல்லாம் உட்கார்ந்திருந்ததில் கால்களில் நீர் இறங்கித் தேங்கியது, மின்தடை குறைந்தது, சூத்திரம் அதைத் தசை என்று எடுத்துக்கொண்டது. இதற்கு நேர்மாறாக, வயிற்றுப்போக்கில் மூன்று நாள் படுத்து எழுந்தபோது எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது, கொழுப்பு சதவீதமோ ஏறியிருந்தது. உடம்பு வறண்டால் தடை கூடும், தடை கூடினால் கொழுப்பு என்று பெயர்.

அப்புறம் விளையாட்டாக ஒரு சோதனை செய்தேன். இறங்கி, ஆப்பில் உயரத்தை 170-லிருந்து 175 ஆக மாற்றி, உடனே மறுபடி ஏறினேன். மூன்று சதவீதத்துக்கு மேல் கொழுப்பு காணாமல் போனது. ‘விளையாட்டு வீரர்’ என்ற பொத்தானைத் தட்டினேன், இன்னும் ஆறு போனது. ஒரு நிமிடத்தில் இவ்வளவு இளைத்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

பிறகு காலிப்பர் வாங்கினேன். தோலைக் கிள்ளிப் பிடித்து மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கி அது. ஆண்களுக்கு மார்பு, வயிறு, தொடை என்று மூன்று இடங்கள் போதும், 1978-இல் ஜாக்சனும் பொல்லாக்கும் தந்த சூத்திரம் இருக்கிறது. சூத்திரத்தில் குறையில்லை, கையில்தான் குறை. தொப்புளுக்குப் பக்கத்தில் மனைவி அளந்தபோது 24 மி.மீ. வந்தது, அடுத்த நிமிடம் அதே இடத்தில் 29. “இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கிள்ளவா?” என்று அவள் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்கு மாதத்தில் அது மேஜை இழுப்பறைக்குப் போய்விட்டது. பழகிய கை இருந்தால் நல்ல கருவிதான்.

இடையில் இரண்டு முறை டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிர்கள் உடம்பில் எவ்வளவு மட்டுப்படுகின்றன என்பதை வைத்து எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு என்று பிரித்துச் சொல்லும். கதிர்வீச்சு மிகக் குறைவு. முதல் முறை ஸ்கேன் சொன்னது 30.8, அன்று காலை வீட்டு மெஷின் சொன்னது 26.3. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருடம் கழித்து, எடை 74.9 ஆனபோது, ஸ்கேனில் 27.4, மெஷினில் 24.2. இரண்டும் இறங்குமுகம்தான். ஆனால் ஸ்கேன் கணக்குப்படி குறைந்த 3.7 கிலோவும் கொழுப்பு. மெஷின் கணக்குப்படி அதில் ஒரு கிலோவுக்கு மேல் தசையாம். மெஷினை மட்டும் நம்பியிருந்தால் உடற்பயிற்சி வீணாகிறது என்று கவலைப்பட்டிருப்பேன். ஸ்கேனும் கடவுள் வாக்கு இல்லை, ஓரிரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். உயிரோடு இருப்பவரின் கொழுப்பைத் தனியே எடுத்து எடைபோட வழியில்லாததால் எல்லாக் கருவியும் ஏதோ ஒரு விதத்தில் ஊகம்தான் செய்கிறது.

இப்போது என் பழக்கம் இது. காலையில் கழிப்பறை போய்வந்த பின், தண்ணீர்கூடக் குடிக்காமல், பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறுகிறேன். குதிகால் வெடிப்பும் குளிர்ந்த பாதமும் எண்ணைக் கெடுக்கும். உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறுவதில்லை. எடைக்கும் கொழுப்புக்கும் ஏழு நாள் சராசரி மட்டும் நோட்டில் ஏறும். மூன்றாவது எண் இஞ்ச் டேப்பில் வருவது, இடுப்புச் சுற்றளவு. உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது என்பார்கள், எனக்கு 85 செ.மீ. தொடங்கியபோது 94, இப்போது 88. மூன்று வருடத்தில் என்னை ஒரு நாளும் குழப்பாத கருவி அந்த டேப்தான்.

மெஷினை வாங்கலாமா என்று கேட்டால், எடைக்காகவும் மாதக்கணக்கான போக்குக்காகவும் வாங்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக் கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. மற்ற எண்களை ஆப் எனக்கு இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று ‘உடல் வயது 51’ என்று வந்தது. எனக்கு 46. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, இது மட்டும் சரியாகத்தான் சொல்கிறது என்றாள்.