பழைய ரிகம்பென்ட் வாங்கும்போது: உயர ரேசரா, தாழ் ரேசரா, முன்சக்கர இழுவையா?

வேகத்துக்காகச் செய்த ரிகம்பென்ட் சைக்கிளைச் செகண்ட் ஹேண்டில் தேடினால் கடைசியில் மூன்று ரகம்தான் எஞ்சும். அமெரிக்காவின் பக்கெட்டா கோர்சா, கார்பன் ஏரோ போன்ற உயர ரேசர்கள் ஒன்று. முன்சக்கரத்தையே மிதித்து ஓட்டும் குரூஸ்பைக் வி20 இன்னொன்று. நெதர்லாந்தின் ஆப்டிமா பேரன் (Baron), எம்5 போன்ற தாழ் ரேசர்கள் மூன்றாவது. மூன்றிலும் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். சமதரையில் மூன்றும் ரோடு சைக்கிளைவிடக் குறைவான காற்றுத் தடையில் ஓடும். எது அதிவேகம் என்ற வாக்குவாதம் முடிவில்லாதது. பழைய வண்டி வாங்குபவருக்கு அது அவ்வளவு முக்கியமும் இல்லை.

இந்தச் சந்தையில் விலைக்கு ஓர் ஒழுங்கு கிடையாது, அதற்கு வரலாறு ஒரு காரணம். 1933இல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் சார்ல் மோஷே செய்த ரிகம்பென்டில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டிச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. பந்தயம் இல்லையென்றால் பெரிய கம்பெனிகளும் இல்லை. சின்னப் பட்டறைகள் தங்களுக்குப் பிடித்த டயர் அளவிலும் சீட் பொருத்தும் முறையிலும் செய்து விற்றன. அதனால் ஃப்ரேம் எத்தனை கிலோ என்பதைவிட உங்கள் கால் நீளம், டயரில் அச்சிட்ட எண், செயினின் நிலை ஆகிய மூன்றும்தான் வண்டியின் உண்மையான மதிப்பைச் சொல்லும்.

முதலில் கால் அளவு

மூன்று ரகத்துக்கும் இது பொது. சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்ட, தரையில் காலை நேராக நீட்டி உட்காருங்கள். சுவரிலிருந்து குதிகால் அடிவரை அளந்து கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது, சீட்டின் முதுகுப்புறம் வளையும் இடத்திலிருந்து தொலைவில் நிற்கும் பெடல் வரை உள்ள தூரம். அதிலும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு எண் வேண்டும். "என் உயரம் ஆறடி, எனக்குப் பொருந்துகிறது" என்ற பதிலால் பயனில்லை. ஒரே உயரமுள்ள இருவரின் கால் நீளம் பல சென்டிமீட்டர் வேறுபடலாம்.

அளவை மாற்றுவதில் ரகத்துக்கு ரகம் வேலை வேறு. பக்கெட்டாவில் சீட்டையே முதன்மைக் குழாயின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். பெடல்களைத் தாங்கிச் சுழலும் கிராங்க் இருந்த இடத்திலேயே இருப்பதால் செயினில் கைவைக்க வேண்டாம், ஐந்து நிமிட வேலை. இதனால்தான் பக்கெட்டா சீக்கிரம் கைமாறுகிறது. பேரனில் சீட் நிலையானது. கிராங்கைத் தாங்கும் பூம் என்ற முன்குழாயை இழுக்கவோ உள்ளே தள்ளவோ வேண்டும். பூம் 5 செ.மீ. நீண்டால் செயின் மேலும் கீழுமாக 10 செ.மீ. கூடுதலாக வேண்டும், அதாவது எட்டுக் கண்ணி. நீளம் குறைந்த செயினோடு பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாற்றினால், செயினை நகர்த்தி கியர் மாற்றும் டெரெய்லியர் கிழிந்துபோகும். வி20இல் பூமும், கிராங்கை முன்சக்கர அச்சோடு இணைக்கும் செயின்ஸ்டே குழாயும் சேர்ந்து நீள்கின்றன. இரண்டையும் சரிசெய்து, சக்கரம் நேராக நிற்கிறதா எனப் பார்த்து, கேபிள் தளர்வையும் கவனிக்க வேண்டும். வாங்கிய முதல் வாரத்தில் அரை நாள் இதற்கே போகும்.

உயர ரேசர்: டயர் எண்ணைப் படியுங்கள்

சீட் தரையிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே இருக்கும். இரண்டு சக்கரமும் பெரியவை. கார் ஓட்டுநர் கண்ணுக்கு முகம் நேராகத் தெரியும். சாலையில் மற்ற வண்டிகளோடு ஓட்ட வேண்டுமென்றால் மூன்றில் இதுவே நிம்மதி. குறை என்னவென்றால், குள்ளமானவர்களுக்குச் சிக்னலில் கால் ஊன்றுவது சிரமம். உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் படியாவிட்டால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

பழைய கோர்சாவிலும் ஏரோவிலும் பெரும்பாலும் 571 மி.மீ. விட்டமுள்ள ரிம் வரும், 650சி என்பது இதுவே. 1990களின் டிரையத்லான் சைக்கிள்களில் பரவலாக இருந்த அளவு. இன்று 571க்குக் கிடைக்கும் டயர்கள் மிகக் குறைவு, அகலமானவை இன்னும் குறைவு. பின்னாளில் 622 ரிம்மிலும் உயர ரேசர்கள் வந்தன, அது 700சி. 622க்கு எந்த ஊர்க் கடையிலும் டயர் உண்டு. விளம்பரத்தில் "26 இன்ச்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், 559, 571 இரண்டையுமே அப்படிச் சொல்வார்கள். டயர் பக்கவாட்டில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 571இல் வருகிற நல்ல வண்டியைத் தவிர்க்க வேண்டியதில்லை. விலையில் பிடித்துக்கொண்டு, இரண்டு ஜோடி டயரை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

கார்பன் ஃப்ரேமில் முதலில் பார்க்க வேண்டியது சீட் கிளாம்ப் இறுக்கிய இடம். சீட்டை அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். கிளாம்ப் அடியில் குழிவோ, மாவு போல உதிரும் பெயின்டோ, குறுக்கே ஓடும் கோடோ இருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ஒலி கூர்மையாக இருக்கும், உள்ளே பிரிந்த இடத்தில் மந்தமாகிவிடும். அலுமினியக் கோர்சாவில் வெல்டின் ஓரங்களையும் ஃபோர்க் நுழையும் தலைக்குழாயின் அடியையும் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் என்பதை விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

வி20: ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க முடியாத வண்டி

இதில் கிராங்க், செயின், கியர் எல்லாம் முன்ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும். மிதிக்கும்போது கால் விசை ஹேண்டில்பாரை இழுக்கும், கை அதைச் சமன் செய்ய வேண்டும். இது பழக வாரக்கணக்கில் ஆகும். பெயரில் உள்ள 20 சீட்டின் சாய்வுக் கோணம், அதாவது நன்றாகவே மல்லாந்த நிலை. கற்கப் பொறுமையில்லாமல் விற்பவர்கள் உண்டு. அதனால் அதிகம் ஓடாத வி20 கிடைக்கும் வாய்ப்பு மற்ற இரண்டையும்விட அதிகம், பேரத்துக்கும் இடம் உண்டு.

இதன் பெரிய வசதி செயின். மற்ற ரிகம்பென்ட்களுக்குச் சாதாரணச் செயின் இரண்டரை முதல் மூன்று வேண்டும், இதற்கு ஒன்று போதும். சீட்டுக்கு அடியில் செயினை வழிநடத்தும் பல்சக்கரமான ஐட்லரும் இல்லை, செயின் குழாயும் இல்லை. இரண்டு சக்கரமும் 622. உதிரிபாகத்தில் தலைவலி குறைவு.

வாங்கும்போது ஹெட்செட்டில், அதாவது ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் தொகுப்பில், கவனம் வையுங்கள். ஒவ்வொரு மிதியும் அதை இடவலமாக இழுக்கிறது. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், டிக் டிக் என்றால் ஆட்டம் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லத் திருப்பினால் நடு நிலையில் பள்ளத்தில் விழுந்தது போல நின்றாலும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பூமை இறுக்கும் இடத்தில் ஆழமான கீறல்களைத் தேடுங்கள். செங்குத்தான ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கும். அது பழுதல்ல, இந்த வடிவத்தின் குணம். மலைச்சரிவில் ஈரமான மண் பாதையில் ஓட்டுபவர் இதை வாங்க வேண்டாம்.

தாழ் ரேசர்: மலிவு, ஆனால் ஊர் பார்த்து

சீட் உயரம் 25 முதல் 30 செ.மீ. தான். நெதர்லாந்து போலத் தட்டையான, தனி சைக்கிள் பாதை நிறைந்த, எதிர்காற்று ஓயாத ஊரில் இதற்கு இணையில்லை. லாரிகளுக்கு நடுவே ஓட்டும் ஊரில் கொடி கட்டினாலும் கண்ணில் படாது. பேரன் தயாரிப்பு நின்று பல ஆண்டுகளாகின்றன. சாதாரண சைக்கிள் பாகங்களை மாற்றுவது கஷ்டமில்லை, ஆனால் அந்த மாடலுக்கே உரிய சீட், ஐட்லர் தாங்கி போன்றவற்றை முதலிலேயே உறுதிசெய்யுங்கள். முன்சக்கரம் 406 என்றால் டயருக்குக் கவலையில்லை, 451 என்றால் தேட வேண்டும். சில அளவுகளில் கூர்மையாகத் திரும்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் இடிக்கும். நின்ற நிலையிலேயே ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு கிராங்கைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செயின், ஐட்லர், கியர்

உயர, தாழ் ரேசர்களில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய செயினின் நடுவில் புதிய துண்டை இணைத்து ஓட்டியிருப்பார்கள். எனவே ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. 12 அங்குலத்துக்குச் சரியாக 24 கண்ணிகள் வர வேண்டும். கண்ணிகளை இணைக்கும் ஊசி (pin) 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் அரை சதவீதம் நீண்டுவிட்டது. மூன்று, நான்கு இடங்களில் அளந்து, எதிலாவது அப்படியிருந்தால் முழுச் செயினையும் கழித்துக் கணக்கிடுங்கள். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் அதோடு போகும்.

சீட்டுக்குக் கீழே மிதியின் இழுவையைத் தாங்கும் ஐட்லரின் பல் சுறாமீன் துடுப்பு போலச் சாய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் பேரிங் தேய்மானம் தெரியும். செலவு பெரிதல்ல. ஆனால் மிதிக்கும்போது வரும் கரகரப்பை "சாயும் வண்டியில் இது சகஜம்" என்று விற்பவர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பதால் மேட்டுக்குக் குறைந்த கியர் கட்டாயம். 700சி சக்கரத்தில் முன்னே 39 பல், பின்னே 28 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.9 மீட்டர் நகரும், அது மலைக்கு அதிகம். 30க்கு 34 என்றால் 1.85 மீட்டர்தான். ரோடு சைக்கிள் கேசட்டோடு வரும் வண்டியில் இந்த மாற்றச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே விலை பேசுங்கள்.

விற்பவருக்கு

விளம்பரத்தில் போட வேண்டியவை: கால் அளவின் இரு எல்லை, ரிம் எண், கியர் பற்கள், பெடல் இல்லாமல் எடை, கிளாம்ப் அடியைச் சீட் அவிழ்த்து எடுத்த படம். பழக்கமில்லாதவரைச் சாலையில் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள். காலி மைதானத்தில், லேசான கியரில், பக்கத்தில் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். இரண்டு நிமிடம் தள்ளாடினால் வண்டியில் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

மின்விளக்கு, பை, ஜிபிஎஸ் ஸ்டாண்ட் போன்ற சேர்மானங்களை மொத்தமாக விலையில் கலக்காமல் தனித்தனியாகச் சொன்னால் பேரம் எளிது. வாங்குபவருக்கு வேண்டாத சேர்மானத்துக்கு அவர் ஒரு ரூபாயும் தர மாட்டார்.

கூரியரில் அனுப்பினால் பெட்டி அளவைப் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய கூரியர் நிறுவனங்களில் நீளமும் சுற்றளவும் சேர்ந்து 130 அங்குலம் தாண்டினால் பெரிய பொதிக்கான கூடுதல் கட்டணம் விழும். 54×8×28 அங்குலப் பெட்டி 126. ரிகம்பென்டுக்குத் தேவைப்படக்கூடிய 60×10×32 பெட்டி 144. சில அங்குலம்தான், கட்டணம் எகிறிவிடும். சக்கரங்களையும் சீட்டையும் இன்னொரு பெட்டியில் பிரித்து அனுப்புவது சில நேரம் மலிவாக முடியும், இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்.

பிரிக்கும் முன் பூம், சீட், ஹேண்டில்பார் நிலைகளை டேப்பில் கோடு போட்டுக் குறியுங்கள். செயினை, கழற்றி மாட்டக்கூடிய மாஸ்டர் லிங்க் என்ற கண்ணியில் மட்டும் பிரிக்கவும். டெரெய்லியரை, அது தொங்கும் ஹேங்கரிலிருந்து கழற்றி ஃப்ரேமுக்குள் சுற்றிக் கட்டுங்கள். சக்கர அச்சு அமரும் டிராப்அவுட்களுக்கு நடுவே, சக்கரம் கழற்றிய பின், பிளாஸ்டிக் முட்டு வைக்காவிட்டால் பெட்டி மேல் வேறு பொதி விழும்போது ஃபோர்க் நசுங்கும். பெட்டியை ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். காப்பீட்டுத் தொகை கேட்கும் நாள் வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தப் படங்கள்தான்.