தண்டப்பணம் கட்டும் சேவை: ஓர் அனுபவம்
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் சமிக்ஞை காட்டாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பியதற்காக, என் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்ட பொலிஸார், தற்காலிக அனுமதியாகவும் பயன்படும் தண்டச்சீட்டொன்றை எழுதித் தந்தனர். பிழை என்னுடையதே. 14 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் 28ஆம் நாள்வரை இருமடங்கு, அதன்பின் நீதவான் நீதிமன்றம் என்ற ஒழுங்கு தெளிவானது. ஆனால் பணம் கட்ட நான் சென்ற தபாலகத்தில், ஒரேயொரு கருமபீடத்தின் முன்னே முக்கால் மணிநேரம் நின்ற பிறகே, மை மங்கிய முத்திரையுடன் பற்றுச்சீட்டு கிடைத்தது. அதைக் காட்டியதும் பொலிஸ் நிலையத்தில், இறப்பர் வளையமிட்ட கட்டிலிருந்து என் அனுமதிப்பத்திரத்தை ஐந்தே நிமிடத்தில் எடுத்துத் தந்தனர். அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பற்றுச்சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை பட்டால் எழுத்து அழிந்துவிடும்.