காங்கேசன்துறைக் கப்பலில் வான் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்

காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலில் வாகனம் ஏற்ற முடியாது. வான், கார், மோட்டார் சைக்கிள் ஒன்றும் முடியாது. அது ஆட்கள் போகிற கப்பல். முழுக்க வாசிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் உள்ள சொந்தக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். இது தெரியாமல் நான் 2 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

நான் பரந்தன். ஹயர் ஓடுகிற ஹயஸ் வான் ஒன்று வைத்திருக்கிறேன். என் அக்கா 1990 இல் பேசாலையில் இருந்து வள்ளத்தில் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனவ. இப்போது பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு திருச்சியில் கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறா. அம்மாவுக்கு 74 வயது. 2009 இல் மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு இன்னும் இடுப்பில் இருக்கிறது. அரை மணித்தியாலத்துக்கு மேல் நிமிர்ந்து இருக்க மாட்டா, படுக்க வேண்டும். "ஒருக்கால் அவளைப் பாத்திட்டு வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் போயிட்டு வந்திட்டால் காணும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தா.

பலாலியால் விமானம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நாங்கள் ஐந்து பேர். ரிக்கெட் காசு ஒரு பக்கம். அங்கே இறங்கிய பிறகு ஊர் ஊராக அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டு போக வாகனம் வேண்டும், ஒவ்வொரு இரவும் அறை எடுக்க வேண்டும். அதைவிட எங்கள் வானையே கொண்டு போனால் என்ன என்று யோசித்தேன். லண்டனில் இருக்கிற என் மச்சான் ஒவ்வொரு கோடைக்கும் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டோவரில் கப்பலில் ஏற்றி, பிரான்சில் கலேயில் இறக்கி, இரண்டு மூன்று கிழமை ஓடிவிட்டு வருவார். அவர் அனுப்புகிற வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது.

அதற்காக வானின் பின் இரண்டு வரிசை இருக்கையைக் கழற்றினேன். வேப்பம் பலகையில் கட்டில் அடித்து, அதன்மேல் நாலு அங்குல மெத்தை போட்டு றெக்சின் தைத்தேன். கட்டிலுக்குக் கீழே சமையல் பெட்டி, சின்ன காஸ் சிலிண்டர். அம்மா ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ர வீட்டுக் கட்டிலை விட நல்லா இருக்கு" என்று சொன்னா.

மச்சானிடம் வட்ஸ்அப்பில் விசாரித்தேன். அவர் விளக்கமாகச் சொன்னார். அந்தக் கப்பல்களுக்கு முன்னாலோ பின்னாலோ பெரிய கதவு திறக்கும், வாகனம் தானே ஓடி உள்ளே போகும். கட்டணத்தை வாகனத்தின் நீளமும் உயரமும்தான் தீர்மானிக்கும். மேலே கரியர் இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும், பின்னால் சைக்கிள் தொங்கினால் அதுவும் நீளத்தில் சேரும், குறைத்துச் சொன்னால் துறையில் வைத்து மேலதிகக் காசு கேட்பார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் விலை ஏறும், கிழமை நடுவிலும் நடு இரவிலும் குறையும். கலேக்கு ஒன்றரை மணித்தியாலம். டன்கேர்க்குக்கு இரண்டு மணித்தியாலம் என்றாலும் சில நாட்களில் அதுதான் மலிவு. ஏறுவதற்கு முன் காஸ் சிலிண்டரைப் பூட்ட வேண்டும். அவர் சொன்னது அவ்வளவும் சரி, ஆனால் அவ்வளவும் அந்தக் கடலுக்கு உரியது. அதை நான் எங்கள் கடலுக்கும் பொருத்திப் பார்த்துவிட்டேன்.

கிளிநொச்சி நகரில் ரிக்கெட், விசா வேலை பார்த்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். பெயரும் கடையும் இங்கே எழுதவில்லை, முறைப்பாடு நடக்கிறது. கப்பல் ரிக்கெட் போடுவார் என்று அறிந்து போனேன். கதையோடு கதையாக வானைப் பற்றிக் கேட்டேன்.

"வாகனம் ஏத்தலாமா அண்ணை?"

"கேட்டுச் சொல்லுறன் தம்பி."

அன்றைக்கு நான் அவரிடம் என்னென்ன கேட்டேன் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நீளத்துக்கா காசு, உயரம் பார்ப்பார்களா, கரியரைக் கழற்ற வேண்டுமா, சிலிண்டர் கொண்டு போகலாமா, எந்த நாளில் மலிவு. மச்சான் சொன்ன அத்தனையும் கேள்வியாகக் கேட்டேன். அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு இருந்தார். இரண்டு நாள் கழித்து அவராகவே போன் எடுத்தார். "வானைக் கொண்டு வாங்கோ தம்பி, நீளம் அளக்க வேணும். நீளத்துக்குத்தான் காசு. சிலிண்டரைப் பூட்டி வைக்க வேணும். புதன்கிழமை எண்டால் குறையும்."

எனக்கு இதில் சந்தேகம் வரவில்லை. அதற்குப் பதிலாக, விஷயம் தெரிந்த ஆள் என்ற நம்பிக்கைதான் வந்தது. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது. கடை வாசலில் இரும்பு ரேப் பிடித்து வானை முன் பம்பரில் இருந்து பின் பம்பர் வரைக்கும் அளந்தார். ஏணி போட்டு ஏறி கரியரின் உயரமும் பார்த்தார். ரேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். 15 அடி 5 அங்குலம் என்று கொப்பியில் எழுதினார்.

போய்வர வானுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் என்றார். கொழும்பால் கொண்டெய்னரில் அனுப்பினால் பத்து இலட்சம் தாண்டும், இது உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார். முதலில் 50,000 கையில் கொடுத்தேன். அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. பிறகு 1 இலட்சத்து 15 ஆயிரம் வங்கியில் போட்டேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. "மனுசியின்ர கணக்கு, கடைக் கணக்கில வரிப் பிரச்சினை" என்றார். மிச்சம் திரும்பி வந்த பிறகு தந்தால் காணும் என்றார். அதற்கு மேல் 45,000 "கார்னே" எடுக்க.

இந்தக் கார்னே பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், வாகனத்தோடு வெளிநாடு போக நினைக்கிறவர்களைப் பயமுறுத்திக் காசு பிடுங்குகிற இடம் இதுதான். ஒரு நாட்டில் பதிந்த வாகனத்தை இன்னொரு நாட்டுக்குள் சுங்க வரி கட்டாமல் கொஞ்சக் காலத்துக்குக் கொண்டு போக அந்தப் பத்திரம் வேண்டும். இந்தியாவுக்குக் கட்டாயம் வேண்டும். இலங்கையில் அதைக் கொடுப்பது கொழும்பில் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கம், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கொடுக்கிற அதே சங்கம். வாகனத்தைத் திருப்பிக் கொண்டு வராவிட்டால் வரியை யார் கட்டுவது என்பதற்கு உத்தரவாதம் வைக்க வேண்டும். ஆகவே ஒரு தரகர் நாற்பத்தையாயிரத்துக்கு வாங்கித் தருகிற துண்டு அல்ல அது. உண்மையான கார்னே ஒரு புத்தகம். ஒவ்வொரு தாளும் மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும், உள்ளே போகும்போது சுங்கம் ஒரு பகுதியைக் கிழித்து எடுக்கும், வெளியே வரும்போது இன்னொன்றை. அடிக்கட்டை எங்களிடம் மிஞ்சும். ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். எனக்குத் தந்தது லமினேற் பண்ணின ஒற்றைத் தாள். வான் இலக்கம், என் பெயர், சிவப்பு முத்திரை. லமினேற் பண்ணின தாளில் எந்தச் சுங்கக்காரன் முத்திரை குத்துவான்? அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஆட்களுக்கான ரிக்கெட் ஐந்தும் உண்மையானவை. அதுதான் எங்களைக் கடைசி வரைக்கும் நம்ப வைத்தது. விசா நாங்களே யாழ்ப்பாணம் போய் எடுத்தோம், அதிலும் குறை இல்லை.

புறப்படும் நாள் விடிய இரண்டரைக்கு வானை எடுத்தோம். அம்மா கட்டிலில் படுத்திருந்தா. ஆனையிறவு தாண்டும்போது எழும்பி, "நான் 1974 இல ஐயாவோட தலைமன்னாரால போனனான், இராமானுஜம் எண்ட கப்பல்" என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினா. கொழும்பில் ஏறின ரயில் தலைமன்னார் இறங்குதுறைக்கே போய் நிற்கும், அதில் இருந்து இறங்கிக் கப்பல் ஏறுவது. 1914 இல் தொடங்கின பாதை அது. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடி, 80களின் நடுவில் யுத்தத்தோடு நின்றது. அந்தத் தரகரும் என்னிடம் "அந்தக் காலத்தில தலைமன்னாரால கார் எல்லாம் போனது தம்பி" என்று சொல்லியிருந்தார். அம்மாவின் கதையும் அவர் சொன்னதும் சேர்ந்து எனக்கு இன்னும் உறுதியாகத் தெரிந்தது.

காங்கேசன்துறைத் துறைமுக வாசலில் வானை நிறுத்தினார்கள். ஆட்களை இறக்கிவிட்டு வாகனத்தை வெளியே எடுக்கச் சொன்னார்கள். நான் கார்னேயைக் காட்டினேன். உள்ளே இருந்து ஒரு தமிழ் உத்தியோகத்தர் வந்து அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதை உங்களுக்கு ஆர் தந்தது?"

சொன்னேன்.

"இதில ஆக்கள் மட்டும்தான் போகலாம். வாகனம் ஏத்துற கப்பல் இல்லை இது. அங்க பாருங்கோ."

பார்த்தேன். கப்பலுக்கு வாகனம் ஓடி ஏறுகிற கதவு எங்கும் இல்லை. ஆட்கள் வரிசையாக ஏறுகிற ஒடுங்கின படிதான் இருந்தது, சூட்கேஸ்களைத் தள்ளுவண்டியில் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். இந்தச் சேவை 2023 ஐப்பசி 14 ஆம் திகதி தொடங்கி, சில நாளில் மாரிக் கடலுக்காக நின்று, 2024 ஆவணி 16 இல் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்பத் தொடங்கினது. 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். அதன் படங்கள் எத்தனையோ தடவை போனில் வந்து போனவை. ஒரு தடவையாவது கதவு எங்கே இருக்கிறது என்று உற்றுப் பார்த்திருந்தால் போதும். மகன் அந்த இடத்திலேயே போனில் பதிவுப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பாஸ்போட் இலக்கம் கேட்கிறார்கள், பிறந்த திகதி கேட்கிறார்கள், பயணப்பொதி கேட்கிறார்கள். வாகன இலக்கம் கேட்கிற கட்டமே இல்லை.

தரகருக்கு எடுத்தேன். "கடைசி நேரத்தில கம்பனி மாத்திப்போட்டுது தம்பி, நான் காசைத் திருப்பி எடுத்துத் தாறன்" என்றார். அதன் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

நான் திரும்பிப் போவோம் என்று சொன்னேன். அம்மாதான் மறுத்தா. "வான் போகாட்டி நான் போறன்." தெல்லிப்பழையில் இருக்கிற சித்தப்பாவின் மகனைக் கூப்பிட்டு வான் திறப்பைக் கொடுத்தோம். மெத்தையை மட்டும் கழற்ற முடியுமா என்று பார்த்தேன், பலகையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தது. கப்பலில் மூன்று இருக்கைக்குக் குறுக்கே அம்மாவைச் சாய்த்து, மனுசியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனோம். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது, ஆனால் நடந்துதான் இறங்கினா.

நாகப்பட்டினத்தில் விசாரித்து, இருக்கை சாய்கிற ட்ராவலர் வான் ஒன்றைச் சாரதியோடு நாலு நாளுக்கு எடுத்தேன். வேளாங்கண்ணி, திருச்சி, பழனி, திரும்ப நாகப்பட்டினம். மொத்தம் 22,000 இந்திய ரூபாய். மிச்ச நாளெல்லாம் அக்கா வீட்டில். நான் ஏமாந்த காசில் இப்படி இரண்டு பயணம் போயிருக்கலாம். இந்தப் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு போக நினைக்கிறவர்களுக்கு மலிவான வழி இதுதான்: ஆட்கள் கப்பலில், வாகனம் அங்கே வாடகைக்கு. ரிக்கெட்டைக் கப்பல்காரரிடமே நேரே போடுங்கள். ஐப்பசி கழிந்தால் கடல் கொந்தளித்துச் சேவை நிற்கும், திகதி பார்த்துப் போடுங்கள்.

சொந்த வானைத்தான் கொண்டு போக வேண்டும் என்றால் கொழும்புத் துறைமுகத்தால் கொண்டெய்னரில்தான் அனுப்ப வேண்டும், உண்மையான கார்னேயோடு. சாதாரணக் கொண்டெய்னரின் கதவு உயரம் 2.28 மீற்றர்தான். கூரை உயர்த்தின வான் அதற்குள் போகாது, கரியரும் கழற்ற வேண்டி வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். சுவிசில் இருக்கிற சொந்தக்காரப் பொடியன் ஒருவன், தரை வழியாக இந்தியா வரைக்கும் மோட்டார்ஹோம் ஓட்டி வந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றி ஊருக்கு வரலாமா என்று கேட்டான். ஏற்ற முடியாது. தலைமன்னாராலும் இப்போது கப்பல் இல்லை.

திரும்பி வந்து கிளிநொச்சிப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். வங்கித் துண்டு இருந்ததால் 1 இலட்சத்து 15 ஆயிரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 45,000 க்கு அந்த லமினேற் தாள் இருக்கிறது. கையில் கொடுத்த 50,000 க்கு ஒன்றும் இல்லை. கடைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஒருதரம் தரகர் ஒரு பொடியனிடம் 20,000 கொடுத்தனுப்பி, முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

முறைப்பாடு எழுதின உத்தியோகத்தர், இதே மாதிரி முள்ளியவளையில் இருந்தும் ஒருவர் வந்து கேட்டவர் என்று சொன்னார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இதை வாசித்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்த யாராவது வானுக்கோ காருக்கோ இப்படிக் காசு கட்டியிருந்தால், வங்கித் துண்டையும் தந்த தாளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் வழக்கு நிற்கும் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். வழக்கின் அடுத்த தவணை வருவதற்குள் அனுப்பினால் நல்லது.