சார் வரலீங்களா? – 500 வாட் டிரில் மிஷின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கல் சுவர் வீட்டுக்கு 500 வாட் இம்பாக்ட் டிரில் தாராளமாகப் போதும். ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் ராடு மாட்டத்தான் மிஷின் தேடுகிறீர்கள் என்றால் இது வேண்டாம். காரணம் கொஞ்சம் தள்ளி வருகிறது. கம்பெனி பெயரை எழுதவில்லை. 3,000 ரூபாயை ஒட்டிய விலையில் கடையில் கிடைக்கிற நாலைந்து மிஷின்களுக்கு நிறத்தைத் தவிர பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு கோவை கணபதியில், பழைய வீட்டின் மாடி போர்ஷன். இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டறை உண்டு. லேத், ஃபவுண்டரி, பம்ப் மோட்டார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மோட்டாருக்குக் காயில் சுற்றும் யூனிட்டில் வேலை செய்வது முழுக்கப் பெண்கள்தான். காலையிலிருந்து சாயந்திரம் வரை செப்புக் கம்பி சுற்றி, கட்டி, மோட்டாருக்கு உயிர் கொடுப்பது அவர்கள். ஆனால் மோட்டார் வைத்த ஒரு மிஷினை ஒரு பெண் விலைக்குக் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.

நஞ்சப்பா ரோட்டில் ஒரு கடையில்தான் வாங்கினேன். "டிரில் மிஷின் காட்டுங்க" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலீங்களா?" சார் வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நான்தான் உபயோகிக்கப்போகிறேன் என்றேன். "சும்மா ஃபோட்டோ எடுத்து அனுப்பி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பில் போட்ட பிறகு பிட்டை, அதாவது ஓட்டை போடும் முனையை, எப்படி மாட்டுவது, அதைப் பிடிக்கிற சக்கின் மூன்று துளையிலும் சாவியைப் போட்டு இறுக்கணும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்ததும் அவரேதான். அது யாரும் சொல்லாத விஷயம். ஒரு துளையில் மட்டும் இறுக்கினால் வேலை நடுவில் பிட் லூசாகிவிடும்.

செட்டாக வாங்கினேன். பெட்டியில் மிஷினோடு சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், டேப், ரசமட்டம், சில பிட்கள், ஸ்க்ரூ பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள் வைக்கும் பிளக் ஒரு பொட்டலம் எல்லாம் வரும். பார்க்க ஆசையாக இருக்கும். மிஷினும் பெட்டியும் நன்று, மற்றதெல்லாம் சுமார். பிளக் பிளாஸ்டிக் மெல்லிசு. ஸ்க்ரூ ஏறும்போதே அதுவும் சேர்ந்து சுற்றுகிறது. வெறும் மிஷினை வாங்கி, 6 மி.மீ., 8 மி.மீ. சுவர் பிட் நல்லதாகத் தனியாக வாங்கிக்கொள்வது மேல். நுனியில் கார்பைடு வைத்த பிட்டாக இருக்க வேண்டும். வீட்டு வேலையில் முக்கால்வாசிக்கு 6 மி.மீ. பிட், அதே அளவு பிளக், 35×8 ஸ்க்ரூ (35 மி.மீ. நீளம், 8-ஆம் நம்பர் தடிமன்), அவ்வளவுதான்.

எடையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்டது அதைத்தான். "கனமா இருக்குமே, கை தாங்குமா?" மிஷின் ஒன்றரை கிலோ சொச்சம். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அதை வாசலிலிருந்து அடுப்படி வரை சாய்த்து உருட்டிக்கொண்டு போவது நானும் அத்தையும்தான். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் நாங்கள்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அந்தக் கல்லை யார் தூக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடு கட்டுகிற இடத்தைப் பாருங்கள். ஜல்லியும் கலவையும் தலையில் சுமந்து மாடி ஏறுகிறவர் சித்தாள், பெரும்பாலும் பெண். கரண்டியும் ரசமட்டமும் பிடிப்பவர் கொத்தனார், பெரும்பாலும் ஆண். சம்பளம் கூட யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, பலம்தான் காரணம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். சுமக்கிறது யாராக இருந்தாலும் பரவாயில்லை, கருவி யார் கையில் என்பதில்தான் எல்லோருக்கும் கவலை.

சரி, ஓட்டை போடுவதற்கு வருவோம். நான் செய்கிற முறை இது. பென்சிலால் குறி வைத்து, ஆணியால் லேசாக ஒரு புள்ளி குத்திக்கொள்வேன். இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். பிளக்கின் நீளத்துக்குப் பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம். சுற்றுவதோடு தட்டவும் வைக்கிற ஹேமர் சுவிட்ச்சைப் போடாமல் மெதுவாக ஆரம்பித்து, பூச்சைத் தாண்டியதும் ஹேமருக்கு மாற்றுவேன். டிரிகரை அழுத்துகிற அளவுக்கு வேகம் கூடும், அதனால் கட்டுப்பாடு விரலில்தான் இருக்கிறது. குறிக்குக் கீழே ஒரு பழைய கவரைத் திறந்தபடி ஒட்டிவிட்டால் தூள் முழுவதும் அதற்குள் விழும். இது அத்தை சொன்ன யோசனை. மிஷினே வேண்டாம் என்றவர், ஆனால் தரையில் தூள் விழுவது அதைவிடப் பெரிய பிரச்சினை அவருக்கு.

தூளின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், நிம்மதியாகப் போகலாம். சாம்பல் நிறமாகவே வந்து, பிட் உள்ளே போகாமல் சத்தம் மட்டும் கீச்சென்று ஏறினால் கான்கிரீட். பாத்ரூம் டைல்ஸ் என்றால் ஹேமர் கூடவே கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறி வைத்து, டைல் முழுக்கத் துளையும் வரை மெதுவாகச் சுற்ற விட வேண்டும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒருபோதும் போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போயிருக்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இது ஆண் பெண் எல்லோருக்கும்.

பெண்களுக்கென்று ஒன்று உண்டு, புத்தகத்தில் சின்ன எழுத்தில் ஒரே வரியில் போட்டிருப்பது: தொங்குகிற துணி, அவிழ்ந்த முடி. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள், முந்தானையை இடுப்பில் செருகுங்கள், பின்னலைக் கொண்டையாகப் போடுங்கள், வளையலையும் கழற்றுங்கள். அத்தை "முடி மாட்டிக்கும் கண்ணு" என்று சொன்னபோது அதில் நியாயம் இருந்தது. கொண்டை போட்டதும் அந்த நியாயம் முடிந்துவிட்டது, பயம் மட்டும் மிச்சம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காதில் இயர் பிளக் வையுங்கள். சத்தம் சாதாரணமில்லை.

இப்போது கர்ட்டன் ராடு. ஜன்னலுக்கு மேலே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். நான் ஸ்டூலில் ஏறி எவ்வளவு அழுத்தியும் பிட் அரை அங்குலத்தோடு நின்றுவிட்டது. கீழ் வீட்டுக்காரர், அத்தை, வந்திருந்த சின்ன மாமியார் எல்லோரும் ஒரே குரலில்: "அதுக்கு ஆம்பள கை வேணும்." கொழுந்தனார் அன்று வீட்டில்தான் இருந்தார். ஜிம்முக்குப் போகிறவர். வாங்கி, காலை அகட்டி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஓட்டை அதே அரை அங்குலத்தில் நின்றது. இறங்கி வந்து, "அண்ணி, பிட்டு மொன்னையா இருக்குங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம், பிட்டுதான் என்றார்கள். நான் அழுத்தியபோது கையில் இருந்த குறை, அவர் அழுத்தியபோது பிட்டுக்கு இடம் மாறிவிட்டது. பிட் அன்று காலையில் பிரித்தது.

உண்மையான காரணம் மிஷினுக்குள்ளே இருக்கிறது. இம்பாக்ட் டிரில்லில் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும். சுற்றும்போது பல் மேல் பல் ஏறி இறங்கி பிட்டை முன்னும் பின்னும் தட்டும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தட்டு, ஆனால் ஒவ்வொன்றும் செல்லத் தட்டு. செங்கலுக்கு அது போதும். கான்கிரீட்டில் நாம்தான் உடம்பைப் போட்டு அழுத்த வேண்டும், அப்போதும் நேரமாகும், உள்ளே கம்பியில் பட்டால் அவ்வளவுதான். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்றின் வேகத்தில் பிட்டின் பின்னாலிருந்து அடி விழும். தட்டுகளின் எண்ணிக்கை குறைவு, அடி பலம். அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்தால் போதும். கடையில் 'ஹெவி டியூட்டி, சாருக்கு' என்று காட்டும் மிஷினுக்குத்தான் உண்மையில் கைப் பலம் குறைவாகத் தேவைப்படுகிறது! பிறகு வந்த எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டு அவருடைய ஹேமரில் ஒரு ஓட்டையை நானே போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் போனது. இரண்டு ஓட்டைக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், ஒன்றை நான் போட்டதற்குக் கழிவு எதுவும் தரவில்லை.

அதனால் புது அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைவான் முறையில் (அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றி) கட்டியிருந்தால் சுவரே கான்கிரீட்தான், இந்த மிஷின் ஒரு மூலைக்கும் உதவாது. காசைச் சேர்த்து வைத்து சின்ன ரோட்டரி ஹேமராக வாங்குங்கள். ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் என்றால் நேர் எதிர். அது மெதுமெதுவென்று இருக்கும், ஹேமர் போடாமலே போகும், ஆனால் சாதாரண பிளக் பிடிக்காது, நீளமான பிளக் கேட்டு வாங்க வேண்டும்.

மிஷினில் எனக்குப் பிடிக்காதவை: வயர் குட்டை, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் எங்கேயும் எட்டாது. கைப்பிடியின் சுற்றளவு என் கைக்குப் பெரிது. விரலை எட்டிப் போட்டு டிரிகர் அழுத்த வேண்டியிருக்கிறது. சின்னக் கை உள்ளவர்கள் கடையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், ஃபோட்டோ அனுப்பிக் கேட்டால் இது தெரியாது. சக்கு சாவி தொலையவே பிறந்தது, நான் அதை வயரில் கட்டி வைத்திருக்கிறேன். பெட்டி மேல் படத்தில் மீசை வைத்த ஒருவர் ஹெல்மெட்டோடு சிரிக்கிறார். சரி, சிரிக்கட்டும்.

கணவரைப் பற்றிக் கேட்பீர்கள். அவருக்கு இந்தச் சத்தமே ஆகாது, ரசம் நன்றாக வைப்பார். விருந்தாளிகள் ஷெல்ஃபைப் பார்த்துவிட்டு "நீங்களே மாட்டினதா?" என்று அவரிடம்தான் கேட்பார்கள். "அவதான் மாட்டினா" என்பார். ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவரும் விடாமல் இரண்டாம் முறை சொல்வார், அப்போது என்னைப் பார்த்து "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம்" என்று இரக்கப்படுவார்கள். அடுப்படியில் நான் நிற்பதைப் பார்த்து யாரும் இப்படி இரங்கியதில்லை.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம் அதற்குச் செலவிடுவதாக வந்தது. அந்த வகைப்பாட்டில் சமையல், துவைப்பது மட்டுமில்லை, வீட்டு ரிப்பேர் வேலையும் சேர்த்தி. பல்பு, ஆணி, டிரில் எல்லாம் கணக்கில் வந்தும் 97. 'எங்க வேலை எங்களுக்கு இருக்கு' என்று சொல்கிற எந்த வேலையும் தினமும் வருவதில்லை. வருஷத்துக்கு நாலு ஓட்டை, ஒரு ஃபேன் ரிப்பேர். இட்லி மாவு அப்படியா?

மதிப்பெண்: செங்கல் வீடு என்றால் ஐந்துக்கு நாலு. மிஷின் செட்டுக்கு மூன்று. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தெருவில் நாலு வீட்டுக்கு இந்த மிஷின் போய் வருகிறது. கேட்டு வருகிறவர்கள் "சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, மிஷின் கொஞ்சம் வேணும்" என்றுதான் சொல்கிறார்கள். சார் கேட்டைத் திறந்து என்னைக் கூப்பிடுவார். மிஷின் தருவேன், எக்ஸ்டென்ஷனும் தருவேன். பிட் மட்டும் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும்.