பட்டா வந்தால் மீதிப் பணம்: ஏற்காட்டில் நான் போட்ட நிபந்தனை அக்ரிமெண்ட்

ஏற்காட்டில் காபியும் மிளகுமாக 60 சென்ட் இடம். அட்வான்ஸ் பேசப் போன அன்று விற்பவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று கேட்டேன். அவர் சொன்னது 3 மாதக் கெடு. அதற்குள் மீதிப் பணம் கட்டிக் கிரயம் முடித்துக்கொள்ள வேண்டும். நான் கேட்டது, பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவில் அவர் பங்கு உட்பிரிவாகி, அவர் பெயருக்கு மட்டும் தனிப்பட்டா வந்தால்தான் மீதிப் பணம். கடைசியில் என் வழிக்கு அவர் ஒத்துக்கொண்டார், சென்ட்டுக்கு 2,000 ரூபாய் கூடுதல் விலையில். அந்தக் கூடுதலைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

சிவில் சட்டத்தில் இவை இரண்டு வகைக் கடப்பாடுகள். எந்த நிகழ்வையும் எதிர்பார்க்காமல் நிறைவேற்ற வேண்டியது நிபந்தனையற்றது. கெடு வைத்துவிட்டால் மட்டும் அது நிபந்தனை ஆகிவிடாது. ‘தை பிறந்ததும் தருகிறேன்’ என்றால் தை பிறந்தே தீரும், பணமும் தந்தே ஆக வேண்டும். ‘பட்டா வந்தால் தருகிறேன்’ என்றால் வரலாம், வராமலும் போகலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த இரண்டாவது வகைக்கு 31 முதல் 36 வரை ஆறு பிரிவுகளை ஒதுக்கியிருக்கிறது.

கைமாற்றுக் கடன் என்றால் யோசிக்கவே வேண்டாம், நிபந்தனையில்லாத புரோநோட்டுதான். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, ‘மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்தால் தருகிறேன்’ என்று எழுதிய தாள் புரோநோட்டே ஆகாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு 3 வருடக் காலவரையறை எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கேட்ட நாளிலிருந்து ஓடும் என்று நம்பி நோட்டைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நிலம் அப்படியில்லை. என் சித்தப்பா சேலத்தில் ஒரு மனைக்கு 3 மாதக் கெடுவில், நிபந்தனை எதுவும் இல்லாத நேர் அக்ரிமெண்ட் போட்டார். பட்டா கூட்டாக இருந்ததால் வங்கி கடன் தரவில்லை. 91ஆம் நாள் விற்பவர், “கெடு முடிஞ்சுபோச்சுங்க, அட்வான்ஸைக் கேட்காதீங்க” என்றுவிட்டார். அபராதமாக எழுதி வைத்த தொகை முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, நியாயமான இழப்பீடு மட்டும்தான் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாங்க கோர்ட்டுக்குப் போக வேண்டும். சித்தப்பா போகவில்லை. பட்டா சரியில்லாதது விற்பவர் பக்கத்துக் குறை. தாளில் தவறியவராக நின்றது சித்தப்பா. நேர் அக்ரிமெண்ட்டில் வாங்குபவருக்கு உள்ள ஆபத்து இதுதான்.

அதற்காக நிபந்தனை மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆவண எழுத்தர் எழுதிய முதல் வரைவில் இருந்த வரி இது: ‘தனிப்பட்டா பெற்ற பின் மீதத் தொகை செலுத்தப்படும்.’ படிக்க நன்றாகத்தான் இருந்தது. வழக்கறிஞரான என் அத்தை மகன் பேனாவை அந்த வரியில் வைத்து, “எப்போ வரைக்கும் மாமா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. தேதியில்லாத நிபந்தனை 32ஆம் பிரிவில் விழும். நிகழ்வு நடக்கும் வரை ஒப்பந்தத்தை அமல்படுத்த முடியாது. நடக்கவே முடியாது என்று ஆனால்தான் அது செல்லாமல் போகும். பட்டா ‘வரவே வராது’ என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை. மனு நிலுவையில் கிடக்கும், அதோடு என் அட்வான்ஸும் கிடக்கும். தேதி வைத்துவிட்டால் அது 35ஆம் பிரிவுக்கு வந்துவிடும். கெடுவுக்குள் நடக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகும்; செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65ஆம் பிரிவு. ஒரு தேதிதான் வித்தியாசம். பணம் மாட்டிக்கொள்வதும் வீடு திரும்புவதும் அதில்தான்.

வரி இப்படி மாறியது (1-வது நபர் விற்பவர், 2-வது நபர் நான்): ‘இன்று முதல் 8 மாதத்திற்குள், நம்மில் 1-வது நபர் தன் சொந்தச் செலவில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற்று 2-வது நபரிடம் காட்டினால், காட்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மீதத் தொகை செலுத்தப்படும். தவறினால் முன்பணம் முழுவதையும் 1-வது நபர் திருப்பித் தர வேண்டியது.’ 15 நாட்களுக்குள் அவர் மனு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். விற்பவர் மனுவே போடாமல் உட்கார்ந்தால்? பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டத் தொகுப்பில், கடன்பட்டவரே நிபந்தனையைத் தடுத்தால் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும் என்று நேராக எழுதியிருந்தது. நம் 31 முதல் 36 வரையான பிரிவுகளில் அப்படி ஒரு வரி இல்லை. அதை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அக்ரிமெண்ட்டைப் பதிவும் செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம்.

விற்பவர் பக்கம் நான் நின்றதில்லை. 8 மாதம் வேறு யாருக்கும் விற்க முடியாமல் கைகட்டி இருப்பது அவருக்குச் சுமைதான். அந்த 2,000 ரூபாய் அதற்கான விலை என்றே எடுத்துக்கொண்டேன். இந்த வரியோடு நான் கோர்ட் படி ஏறியதும் இல்லை. அவசரத்துக்கு விற்கும் ஒருவரிடம் இதைக் கேட்டால் இடமே கைவிட்டுப் போகலாம்.

ஏழாவது மாதம் சர்வேயர் வந்து அளந்தார், உத்தரவும் வந்தது. ஆனால் ஆன்லைனில் மூன்று வாரம் பழைய கூட்டுப் பட்டாவே காட்டியது. உத்தரவுத் தேதியிலிருந்து 30 நாள் என்றார் விற்பவர். அவர் வீட்டுத் திண்ணையில், தார்ப்பாயில் காய்ந்த மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்ரிமெண்ட்டை விரித்தோம். ‘காட்டிய நாளிலிருந்து’ என்ற வார்த்தைகளை அவரே விரல் வைத்துப் படித்தார். “சரிங்க, பேர் மாறினதும் எடுத்துட்டு வரேன்” என்றார். புதுப் பட்டாவோடு அவர் மகன் சேலத்துக்கு இறங்கி வந்த நாளிலிருந்து எண்ணி, 22ஆம் நாள் கிரயம் ஆனது.